"இதுக்கு வைத்தியம் இருக்குதா டீச்சர்?"

சென்ற கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்குப் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். மகளை அழைத்துப்போக முன்னதாகவே வந்துவிட்ட ஓர் அம்மா வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. "எங்க காலத்துல இதையெல்லாம் யாரும் சொல்லலையே டீச்சர்" என்றவர் அழத் தொடங்கினார். ஒன்பது வயதில் உறவினர் ஒருவரால் நேர்ந்தது. இன்று அவருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. "இதுக்கு வைத்தியம் இருக்குதா டீச்சர்?" என்று கேட்டார். பி.எட். படிப்பில் கல்வி உளவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. (அவருடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.)

2007இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். ஏதோவொரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் பாதிக்கும் மேற்பட்டவர்கள், அதாவது 53.22 விழுக்காட்டினர், கூறினார்கள். அவர்களில் ஆண் குழந்தைகளும் ஏறத்தாழச் சரிபாதி. அந்தத் தலைமுறைதான் இன்று நம் மாணவர்களின் பெற்றோர். நம் ஆசிரியர் ஓய்வறையிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் மனநோய் வருவதில்லை. சிலருக்குக் கெட்ட கனவு, திடீர்த் திடுக்கிடல், குறிப்பிட்ட இடத்தையோ வாசனையையோ தவிர்ப்பது ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்கிறார்கள். சிறுவயதில் திரும்பத் திரும்ப நேர்ந்திருந்தால் உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தன்னையே இழிவாக நினைப்பது, உறவுகளில் நம்பிக்கையின்மை ஆகியவையும் சேரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் இதைத் தனிக் கோளாறாகவே குறிக்கிறது.

சிகிச்சைகளுக்கு வருவோம். எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கியது நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. கணக்குத் தேர்வு என்றால் விடுப்பு எடுக்கும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவனுக்கு நிம்மதி, ஆனால் அடுத்த தேர்வுக்குப் பயம் இன்னும் பெரிதாகிறது. தவிர்ப்பதுதான் பயத்தை வளர்க்கிறது என்பதே இதன் அடிப்படை. நடந்ததைச் சிகிச்சையாளர் முன் விரிவாகச் சொல்ல வேண்டும், அதன் ஒலிப்பதிவை வீட்டிலும் கேட்க வேண்டும். ஆபத்தில்லாத, ஆனால் இதுவரை தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகவும் வேண்டும். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். முதல் சில வாரங்கள் கடினமானவை. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

எனக்கு நெருக்கமாகத் தோன்றியது பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய சிபிடி. இது நடந்த சம்பவத்தைவிட, அதிலிருந்து மனம் எடுத்துக்கொண்ட முடிவுகளையே சோதிக்கிறது. அந்த அம்மா என்னிடம் மூன்று முறை சொன்ன வாக்கியம்: "நான் கத்தியிருக்கணும் டீச்சர்." ஒன்பது வயதுக் குழந்தைக்கு அன்று என்ன தெரியும், யாரிடம் சொல்லியிருக்க முடியும், கத்தாததால் குற்றம் யாருடையதாகிறது என்று பயிற்சித்தாள் வைத்துக் கேள்வி கேட்டுக் கேட்டு அந்த முடிவைப் பிரித்துப் பார்ப்பதே இம்முறை. வழக்கமாக 12 அமர்வுகள். சம்பவத்தை விவரமாக எழுதாமலே செய்தாலும் பலன் குறைவதில்லை என்று பின்னாளைய ஆய்வு காட்டியது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சிறுவயதுப் பாலியல் கொடுமையிலிருந்து மீண்டவர்களுக்கென்றே கேத்லீன் சார்ட் இதை 17 வாரத் திட்டமாக மாற்றி, 2005இல் முடிவுகளை வெளியிட்டார். எழுதப்படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானோ என்ற ஐயம் எனக்கு வந்தது. காங்கோவில் எழுத்தறிவு இல்லாத கிராமப் பெண்களுக்கேற்ப இதை எளிமையாக்கி, குழுவாக நடத்திப் பலன் கண்டிருக்கிறார்கள். அந்த ஆய்வு 2013இல் வெளியானது.

மூன்றாவது, ஃபிரான்சின் ஷாபிரோ 1987இல் தொடங்கிய இஎம்டிஆர். நினைவை மனதில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்களால் தொடர வேண்டும். பேச்சு குறைவு, வீட்டுப்பாடம் கிட்டத்தட்ட இல்லை. கண் அசைவுக்கே தனிப் பலன் உண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மொத்தத்தில் இந்தச் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு இதையும் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன இரண்டும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

எது சிறந்தது? ரெசிக் குழுவினர் 2002இல் பாலியல் வன்முறைக்கு ஆளான 171 பெண்களிடம் முதல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவின. குற்ற உணர்வின் சில கூறுகளில் மட்டும் சிபிடி சற்று முன்னே நின்றது. உண்மையான கருத்து வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. நேராக நினைவுக்குள் போகலாமா, முதலில் மனதைத் தயார்ப்படுத்த வேண்டுமா? முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவு, பிறகு வாழ்வோடு மீண்டும் இணைதல் என்று ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதினார். மேரிலீன் க்ளுவாத்ர் சிறுவயதில் கொடுமைக்கு ஆளான 104 பெண்களிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியைக் கையாளவும் உறவுகளைப் பேணவும் முதலில் கற்றுத்தந்து பிறகு நினைவுக்குள் போனவர்களுக்குப் பலன் நிலைத்தது. பாதியில் நிறுத்தியவர்களும் குறைவு. தயாரிப்பு என்ற பெயரில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறோம் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. என் எளிய கருத்து: வருபவர் தாங்கக்கூடியதும், நம் மாவட்டத்தில் பயிற்சி பெற்றவர் இருப்பதும் எதுவோ அதுவே முதலில்.

நாம் சிகிச்சையாளர்கள் அல்லர். விவரம் கேட்டுத் துருவக் கூடாது. "அது உங்க தப்பு இல்லம்மா" என்று சொல்லலாம், வழி காட்டலாம். டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே, இலவசமாக, எந்நேரமும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "இதுபோன்ற பாதிப்புக்கு எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்?" என்று அங்கே தயங்காமல் கேட்கலாம்.

ஒரு கேள்வியை மட்டும் நாம் கட்டாயம் கேட்க வேண்டும்: அந்த ஆள் இன்றும் குழந்தைகள் அருகில் இருக்கிறாரா? போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1098 எண்ணிலும் உதவி கேட்கலாம். நான் கேட்டபோது, "அவரு செத்து எட்டு வருஷமாச்சு டீச்சர்" என்றார்.

முதல் சனிக்கிழமை மருத்துவமனைச் சீட்டு வரிசையிலிருந்தே திரும்பிவிட்டார். அடுத்த முறை என்னையும் கூட வரச் சொன்னார். இப்போது ஐந்து முறை போய்வந்திருக்கிறார். நடந்ததைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லையாம். தூக்கத்தைச் சரிசெய்யவும், பதற்றம் வரும்போது மூச்சைக் கவனிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார். "அடுத்த மாசம் அதைப் பத்திப் பேசலாம்னு நானே சொல்லியிருக்கேன் டீச்சர்" என்றார், மகளின் புத்தகப்பையை வாங்கித் தோளில் மாட்டியபடி.