கோடு கோணினால் குற்றமா?

ஹைதராபாத் அமீர்பேட்டில் ஒரு தெருவைக் கடந்தால் போதும். ஜாவா, பைத்தான், ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்று மாடிக்கு மாடி போர்டு தொங்கும். அதே நகரின் ராய்துர்கத்தில், 2023 மார்ச் 2 அன்று திறக்கப்பட்ட டி-வொர்க்ஸ் இருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம், லேசர் வெட்டி, சர்க்யூட் போர்டு செய்யும் வசதி, மட்பாண்டக் கூடம் எல்லாம் 78,000 சதுர அடிக்குள் அடங்கிய, தெலங்கானா அரசு அமைத்த மாதிரி தயாரிப்பு மையம் அது. மென்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் பஞ்சமே இல்லாத இந்த ஊரில், புராடக்ட் டிசைன் படிக்க விரும்பும் பிள்ளையிடம் "பேனா எடுத்துக் கையால் வரைந்து பழகு" என்றால், மாட்டுவண்டி ஓட்டப் பழகச் சொன்னதுபோல் முகம் போகிறது.

நுழைவுத் தேர்வோ வேறு சொல்கிறது. சங்காரெட்டி மாவட்டம் கந்தியில் உள்ள ஐஐடி ஹைதராபாத்தில் இளநிலை டிசைன் படிக்க யூசீட் (UCEED) எழுத வேண்டும், முதுநிலைக்கு சீட் (CEED). இரண்டையும் நடத்துவது ஐஐடி பம்பாய். இரண்டிலும் கணினித் திரையில் விடை சொல்லும் பகுதியோடு வேலை முடிவதில்லை. அடுத்த பகுதியில் தாளை எடுத்து வரைந்தே ஆக வேண்டும். அங்கேதான் பலருக்கும் கை நடுங்குகிறது. கூடவே, பரம்பரையாகக் கேட்டுவந்த சில நம்பிக்கைகளும் வந்து முன்னால் நிற்கின்றன.

நம்பிக்கை: வரைவது பிறவி வரம். எனக்குக் கை வராது.

பழியைத் தூக்கிக் கையின் மேல் போடுவது வசதிதான். ஆனால் 1997இல் டேல் கோஹன், சூசன் பென்னெட் என்ற உளவியலாளர்கள், பார்த்ததை அப்படியே வரையப் பெரும்பாலானோருக்கு ஏன் வருவதில்லை என்று சோதித்தார்கள். கை அசைவின் திறமைக் குறைவுக்கு அதில் பெரிய பங்கில்லை என்பது அவர்கள் கண்டது. பொருளைத் தவறாகப் பார்ப்பதுதான் தவறான படத்துக்கு முக்கியக் காரணம். மனதுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரிவதை மறைத்துவிடுகிறது.

ஓர் இரானி ஹோட்டலில் உட்கார்ந்து, மேஜைக்கு வந்த சாயையும் சாசரையும் வரையச் சொல்லிப் பாருங்கள். முதல்முறை வரைபவர் கோப்பையின் வாயை ஒரு நீள்வட்டமாகப் போடுவார். சாசரையும் அதே அளவு சப்பையான நீள்வட்டமாகவே போடுவார். சிலர் கோப்பையின் அடியை ஒரே நேர்கோடாக இழுத்து முடித்துவிடுவார்கள், அது மேஜைமேல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியுமே! கண் பார்ப்பது அது இல்லை. கண்மட்டத்துக்கு அருகில் இருக்கும் வட்டம் ஒடுங்கித் தெரியும். கீழே போகப்போக வாய் திறந்துகொண்டு உருண்டு வரும். ஆகவே கோப்பையின் விளிம்பைவிட சாசர் அதிக உருண்டையாக இருக்க வேண்டும். அடிவிளிம்பும் வளைய வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்துவிட்டால், கோடு எவ்வளவு கோணலாக இருந்தாலும் கோப்பை மேஜையில் உட்காரும். செய்யாவிட்டால், காம்பஸ் வைத்துப் போட்டாலும் அந்தரத்தில் மிதக்கும்.

பிளஸ் டூ கணக்கில் நீள்வட்டத்துக்கு நெட்டச்சு, குற்றச்சு என்று படித்தது இங்கே கைகொடுக்கிறது. ஆட்டோவின் சக்கரத்தைச் சாய்கோணத்திலிருந்து வரையும்போது, நீள்வட்டத்தின் குற்றச்சு சக்கரத்தின் அச்சு போகும் திசையிலேயே போக வேண்டும். மிக்ஸி ஜாரின் மூடி, குக்கரின் விளிம்பு, மின்விசிறியின் கூண்டு எல்லாவற்றுக்கும் இதே விதி. இதில் பிறவி வரத்துக்கு என்ன வேலை? விதியைத் தெரிந்துகொண்டு, அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித்தேடி வரைந்தால் சில மாதங்களில் பிடிபடுகிற சங்கதி.

கைக்கென்று ஒரு பழக்கமும் உண்டுதான். சின்னக் கோட்டுக்கு மணிக்கட்டு போதும். நீண்ட கோட்டையும் பெரிய நீள்வட்டத்தையும் தோளிலிருந்து கையை வீசிப் போட வேண்டும், பேனா தாளைத் தொடுவதற்கு முன்பே காற்றில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு. அழிப்பான் பக்கமே போகாதே என்று ஆசிரியர்கள் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுப்பதும் இதற்காகத்தான். தப்பான கோடு தாளில் கிடந்தால்தான் அடுத்த கோடு எங்கே போக வேண்டும் என்பது தெரியும். லேசாக அழுத்தினால் மங்கலாகவும் அழுத்திப் போட்டால் கறுப்பாகவும் எழுதுகிற அந்தச் சாதாரணப் பேனா, விலையுயர்ந்த மார்க்கர் செட்டுகள் பலவற்றைவிடப் பழக்கத்துக்கு உகந்தது.

நம்பிக்கை: ஸ்கெட்ச் என்றால் வாடிக்கையாளரிடம் காட்டுகிற அழகான படம்.

இணையத்தில் வலம்வரும் பளபளப்பான கார் படங்கள் செய்த கெடுதல் இது. பொறியியல் வரலாற்றாசிரியர் யூஜின் ஃபெர்குசன் 1992இல் வெளிவந்த தம் நூலில் ஸ்கெட்ச்சை மூன்றாகப் பிரிக்கிறார்: தனக்குத்தானே யோசிக்கப் போடுவது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போடுவது, வரைபடக்காரருக்கு இப்படிச் செய் என்று சொல்லப் போடுவது. முதல் இரண்டும் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கல்ல. வேலை முடிந்ததும் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனமும் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனமும் தயாரிக்கிற வாக்குப்பதிவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் வெளியுருவை வடிவமைத்தவர்கள் ஐஐடி பம்பாயின் இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர் பேராசிரியர்கள். வாக்காளர் தொடும் பெட்டியில் 16 பேருக்கு இடம். பெயர், சின்னம், விளக்கு, நீலப் பொத்தான் எல்லாம் ஒரே வரிசையில். அலுவலரிடம் உள்ள இன்னொரு பெட்டியோடு 5 மீட்டர் கேபிள் இணைக்கிறது. படிக்கத் தெரியாதவரின் விரல் எங்கே போகும், சின்னத்துக்கும் பொத்தானுக்கும் நடுவே கண் தடுமாறுமா, விளக்கை விரலே மறைத்துவிடுமா? இப்படிப்பட்ட கேள்விகள்தாம் யோசனைக் கிறுக்கலுக்குத் தீனி. அங்கே நிழலும் பளபளப்பும் தேவையில்லை. ஒரு செவ்வகம், ஒரு விரல், ஓர் அம்புக்குறி போதும்.

மரியா யாங், ஹோர்ஹே சாம் என்ற ஆய்வாளர்கள் 2007இல் மாணவர்களின் வரையும் திறனை அளந்து பார்த்தார்கள். (ஆராய்ச்சி மாணவர்களின் அவல வாழ்வை 'பிஎச்டி காமிக்ஸ்' என்று கார்ட்டூனாகப் போட்ட அதே சாம்தான்.) நன்றாக வரைபவரின் புராஜெக்ட் நன்றாக முடிகிறது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கள் படம் அசிங்கமாக இருக்கிறது என்று நோட்டை மூடி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுத் தெம்படையலாம்.

நம்பிக்கை: இதெல்லாம் டிசைன் பள்ளிகள் இறக்குமதி செய்த மேல்நாட்டுப் பழக்கம்.

சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற டிசைனர் தம்பதியின் 1958 அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனம் வந்தது உண்மை. ஆனால் 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில் இருந்த பீதரில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே பித்ரி கைவினைஞர்கள் பொருளின் மேலேயே கையால் வரைந்துகொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் அந்த வேலைப்பாட்டைப் பார்க்கலாம்.

துத்தநாகத்தோடு கொஞ்சம் செம்பு கலந்த உலோகத்தை மணல் அச்சில் வார்த்து, அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைத் தடவினால் மேற்பரப்பு கறுக்கும். அந்தக் கறுப்பில் கூரிய எஃகு ஊசியால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். கைதேர்ந்தவர் அச்சுத்தாள் எதுவும் இல்லாமலே கொடியையும் பூவையும் வளைவான ஹூக்கா அடியில் ஓட்டுவார். வளைவான பரப்பில் ஒரே இடைவெளியில் பூக்கள் வர வேண்டுமென்றால், இடம் குறுகக் குறுக அளவையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். தட்டையான தாளில் அந்தப் பாடம் கிடைக்காது. கீறிய தடத்தில் உளியால் வெட்டி வெள்ளிக் கம்பியை அடித்துப் பதித்தபின், தேய்க்கிற தேய்ப்பில் முதலில் தடவிய கறுப்பும் வரைந்த கோடும் மறைந்துவிடும். கடைசியில் பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துச் சூடான பொருளில் பூசினால் உலோகம் மட்டும் நிரந்தரமாகக் கறுக்கும், வெள்ளி அப்படியே மின்னும். வாங்குபவர் அந்த முதல் கோட்டைப் பார்ப்பதே இல்லை.

நம்பிக்கை: கேட் (CAD) மென்பொருள் இருக்கிறது, ஏஐ இருக்கிறது. பேனா எதற்கு?

1991இல் டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் டிசைன் செய்பவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள், அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. குழல் கூடாது என்று எழுத்திலேயே சொல்லியும், படம் பார்த்தவர்களின் கோப்பைகளில் குழல் எட்டிப் பார்த்தது. கண்ணில் விழுந்த முழுமையான படம் மனதைப் பிடித்து உட்காரவைத்துவிடுகிறது. ஏஐ சில நொடிகளில் தருவது இதே போன்ற முழுமையான படம்தான், அதுவும் நிழலும் மினுமினுப்புமாக. யோசிப்பதற்கு முன்பே அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

கேட் விஷயத்திலும் ராபர்ட்சன், ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர்கள் 2009இல் இதையொட்டியே எழுதினார்கள். மாடலில் விவரம் ஏற ஏற அதை மாற்ற மனம் வருவதில்லை. ஒரு நாள் முழுக்கப் போட்ட மாடலைத் தூக்கி எறிய யாருக்குத் துணிவு வரும்? அரை நிமிடக் கிறுக்கலை எறியலாம். மற்றபடி கேட் வேண்டாம் என்பதல்ல வாதம். அளவு, தாங்குதிறன், அச்சுக்கான கோப்பு என்று வந்துவிட்டால் பேனாவுக்கு அங்கே வேலை இல்லை.

நம்பிக்கை: மேதைகளுக்கு ஒரு நாப்கின் போதும்.

டிசைனர் பிலிப் ஸ்டார்க் இத்தாலிய ஹோட்டல் மேஜை விரிப்புத் தாளில் வரைந்தது, 1990இல் அலெஸ்ஸி நிறுவனம் வெளியிட்ட எலுமிச்சை பிழிவானாக ஆனது என்ற கதை பிரபலம். கதை பொய்யில்லை. ஆனால் அந்தத் தாளை உற்றுப் பார்த்தால், அதில் ஒன்றல்ல, பல உருவங்கள் இருக்கின்றன: கணவாய் மீனில் தொடங்கி, திருகி, நீண்டு, காலூன்றி.

நம்பிக்கை: நன்றாக வரைந்தால் டிசைனர்தான்.

இது எதிர்ப்பக்கத்து மயக்கம், ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்த ஜேம்ஸ் டைசனுக்கு, பை இல்லாத வாக்குவம் கிளீனரைச் சரிக்கட்ட 5,127 மாதிரிகள் தேவைப்பட்டன. சுழலும் காற்று தூசியைப் பிரிக்குமா என்பதைப் படம் சொல்லாது. கைப்பிடியின் கனத்தையும், சூடாகும் பரப்பையும், மூடி திறக்கும்போது வழுக்குகிற ஈரக் கையையும் அது சொல்லாது. தாளில் கிறுக்கி, பத்தில் எட்டைக் கழித்து, மிச்சத்தை அட்டையிலோ களிமண்ணிலோ ஃபோமிலோ செய்து கையில் பிடித்துப் பார்த்தபின் ராய்துர்கத்தின் டி-வொர்க்ஸுக்குப் போனால், அங்கே மணிக்கணக்கில் ஓடும் அச்சு இயந்திரத்தின் நேரமாவது மிச்சமாகும்.