சுவர் தாங்கிய புத்தகங்கள்

சுங்கை சிப்புட்டுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டினார். அங்கே ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயத்து வீடுகளும் காலியாயின. அப்பா ஈப்போவில் உள்ள எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். அவர் கொண்டு வந்தவை ஒரு துணிப்பையும் ஒரு தகரப் பெட்டியும்தாம். அந்தப் பெட்டி நிறைய புத்தகங்கள் இருந்தன. சம்பள நாளில் பட்டணத்துக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை அவை.

“புத்தகம் பெட்டிக்குள் கிடந்தால் கரையானுக்குத்தான் தீனி, அப்பா. சுவரில் ஒரு தட்டு அடித்துத் தருகிறேன்” என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, வீட்டுப் பொருள்கள் விற்கும் பெரிய பேரங்காடி ஒன்றுக்குச் சென்றேன். வெள்ளைப் பூச்சுடன் பளபளத்த 120 சென்டிமீட்டர் நீளப் பலகை, இரண்டு இரும்புத் தாங்கிகள், திருகாணிகள் அடங்கிய சிறு பை எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் இருந்தன. “அரை மணி நேரத்தில் நீங்களே பொருத்தலாம்” என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தது.

அரை மணி நேரம் அரை நாளாக நீண்டது. விளக்கத்தாளில் ஒரு சொல்கூட இல்லை. படங்கள் மட்டுமே இருந்தன. எட்டுத் திருகாணி இருக்க வேண்டிய பையில் ஏழுதான் இருந்தன. துளைப்பொறிக்கு ஏற்ற அலகு இல்லாததால் மீண்டும் கடைக்கு ஓடினேன். மாலையில் ஒருவழியாகத் தட்டு சுவரில் ஏறியது. அப்பா தம் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அவருடைய முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி என் களைப்பைப் போக்கியது.

மூன்றாம் வாரம், பலகையின் நடுப்பகுதி தொட்டில் போலக் கீழே வளைந்தது. அதைக் கண்டும் நான் காணாததுபோல் இருந்துவிட்டேன். ஒருநாள் நள்ளிரவில் ‘தடால்’ என்ற ஓசை கேட்டு எல்லாரும் விழித்துக்கொண்டோம். தட்டு ஒருபக்கமாகப் பெயர்ந்து தொங்கியது. புத்தகங்கள் தரையில் சிதறிக் கிடந்தன. பழைய புத்தகம் ஒன்றின் கட்டு அவிழ்ந்து, தாள்கள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. அப்பா ஒன்றும் பேசாமல் தரையில் அமர்ந்து, தாள்களைப் பக்க எண் பார்த்துச் சேர்க்கத் தொடங்கினார்.

“கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள்!” என்று நான் பொரிந்து தள்ளினேன்.

“பலகையைக் குறை சொல்வதற்கு முன் ஓட்டையைப் பார், தம்பி” என்றார் அப்பா.

விடிந்ததும் அவரே சுவரை ஆராய்ந்தார். தாங்கி பெயர்ந்த இடத்தை விரலால் தடவினார். “துளை போட்டபோது என்ன நிறத்தில் தூள் கொட்டியது?” என்று கேட்டார்.

“சாம்பல் நிறம்.”

“சிவப்புத் தூள் வரவே இல்லையா?”

இல்லை என்று தலையசைத்தேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லால் ஆனது. அதன்மேல் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிப்பில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். பெட்டியில் இருந்த ‘பிளக்’ அதைவிட நீளம் குறைந்தது. அது பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது; உறுதியான செங்கல்லை எட்டவில்லை.

திருகாணி தானாகச் சுவரைப் பற்றிக்கொள்வதில்லை. அது உள்ளே நுழையும்போது பிளக் விரிந்து, துளையின் பக்கங்களை இறுக்கிப் பிடிக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் 1911ஆம் ஆண்டுவாக்கில் சணல் நாரைக் கொண்டு இத்தகைய பிளக்கை உருவாக்கினார். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் பிஷர் நைலானால் செய்த பிளக்கை அறிமுகப்படுத்தினார். இன்று நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் அவ்வகையே. ஆனால், எவ்வளவு நல்ல பிளக்காக இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும் பொருள் உறுதியாக இருக்க வேண்டும். தாங்கியின் மேல்பக்கத் திருகாணியைச் சுமை வெளியே இழுக்கிறது. தட்டின் அகலம் கூடினால் அந்த இழுவிசையும் கூடும்.

பலகை வளைந்ததற்குக் காரணம் வேறு. அது மரத்தூள்களையும் சிறு சீவல்களையும் பசையுடன் கலந்து அழுத்திச் செய்த பலகை. விலை குறைவு, ஆனால் தொடர்ந்து சுமை ஏற்றினால் நாளடைவில் வளையும், ஈரம் பட்டால் ஊதிப்போகும். நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் ஒரு மீட்டர் நீளத்திற்கு 25 முதல் 30 கிலோகிராம் வரை எடை இருக்கும். அவ்வளவு சுமையை இரு முனைகளில் மட்டும் தாங்கச் சொன்னது என் தவறு. தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால், வளைவு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகக் குறையும். பலகையின் தடிப்பை இரு மடங்காக்கினால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். நடுவில் ஒரு தாங்கி வைக்காமல் விட்டதன் விலையைப் புத்தகம் கொடுத்தது.

“தோட்டத்தில் ஹார்ட்வேர் கடைக்காரர் முதலில் ‘என்ன சுவர், என்ன பாரம்?’ என்றுதான் கேட்பார். பிறகுதான் ஆணியை எடுப்பார்” என்றார் அப்பா. பெரிய கடையில் எல்லாப் பொருளும் இருந்தன. அந்தக் கேள்வியைக் கேட்க மட்டும் ஆள் இல்லை. அதை நானே எனக்குள் கேட்டிருக்க வேண்டும்.

இம்முறை அப்பாவையும் கடைக்கு அழைத்துச் சென்றேன். பலகைகள் அடுக்கிய பகுதியில் அவர் சட்டென்று நின்றார். வெளிர்மஞ்சள் நிறப் பலகை ஒன்றைக் கட்டைவிரலால் தடவினார். “இது நம்முடைய மரம் அல்லவா?” என்றார். சிட்டையைப் படித்தேன். ரப்பர் மரம்தான்!

“இது உதவாது. வெட்டிப் போட்ட சில வாரங்களிலேயே வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். நாங்கள் அடுப்புக்கும் ரப்பர்ப் பாளம் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும்தான் எரித்தோம்” என்று அப்பா தயங்கினார்.

இப்போது விளக்குவது என் முறையாயிற்று. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்த ரப்பர் நாற்றுகளில் ஒன்பது, நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் அங்கே இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுத்த பிறகு ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்படும். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே போயிற்று. கெப்போங்கில் உள்ள மலேசிய வனவியல் ஆய்வுக் கழகம் முதலிய அமைப்புகளின் ஆய்வுகள் அந்நிலையை மாற்றின. வெட்டியவுடன் அறுத்து, போரான் கலந்த கரைசலை அழுத்தத்தின் மூலம் உட்செலுத்தி, சூளையில் உலர்த்தினால் வண்டும் பூஞ்சையும் அணுகுவது அரிது. இன்று நம் நாடு ஏற்றுமதி செய்யும் மர அறைகலன்களில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது.

பலகையின் மேல் தெரிந்த இணைப்புகளையும் காட்டினேன். இரு கை விரல்களைக் கோத்ததுபோல், சிறு துண்டுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. அப்பா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பால் கொடுத்து ஓய்ந்த மரத்துக்கும் வேலை இருக்கிறது” என்று மெல்லச் சொன்னார். அவர் மரத்தை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

வீடு திரும்பியதும் அப்பா மேற்பார்வையிட, நான் வேலை செய்தேன். சுவருக்குள் மின்கம்பி செல்லக்கூடும் என்பதால், விசைக்கும் மின்செருகிக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளையிடுவதைத் தவிர்த்தோம். ரசமட்டம் வைத்துக் கோடு கிழித்தோம். பழைய துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிதாகத் துளையிட்டோம். சாம்பல் தூளுக்குப் பின் சிவப்புத் தூள் கொட்டியது. “ஆம், இதுதான்!” என்றார் அப்பா. துளையில் இருந்த தூளை ஊதி நீக்கி, 50 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளக்குகளைச் செருகினோம். இரண்டு தாங்கிகளுக்குப் பதிலாக மூன்று வைத்தோம்.

உடனே புத்தகங்களை அடுக்க அப்பா விடவில்லை. அரிசி மூட்டையை ஏற்றி ஓர் இரவு முழுவதும் சோதித்தார். தட்டு அசையவில்லை.

இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. தட்டு இன்றும் நேராக நிற்கிறது. அண்டை வீட்டாருக்கு ஏதேனும் சுவரில் மாட்ட வேண்டுமென்றால், அப்பாவைத்தான் தேடி வருகிறார்கள். அவரும் கையில் ரசமட்டத்துடன் கிளம்பிவிடுகிறார். போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி: “என்ன சுவர், என்ன பாரம்?”

சிந்தித்து விடையளி

1. முதலில் பொருத்திய தட்டு வளைந்ததற்கும் பெயர்ந்து விழுந்ததற்கும் வெவ்வேறு காரணங்கள் உள்ளன. அவற்றை விளக்குக.
2. “பால் கொடுத்து ஓய்ந்த மரத்துக்கும் வேலை இருக்கிறது” என்னும் கூற்றில் தந்தையாரின் எத்தகைய மனநிலை வெளிப்படுகிறது?
3. தந்தையும் மகனும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டவை யாவை?
4. உன் வீட்டில் மூத்தோர் ஒருவருக்குத் தெரிந்த கைத்திறன் ஒன்றைக் கேட்டறிந்து, அதன் செய்முறையை 80 சொற்களில் எழுதுக.