மூன்று கூடையில் பற்றும் தீ

(மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன், உடையார்பாளையம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது ஒரு வீடியோ விளையாட்டு, அதில் வரும் ஒரு மந்திர வித்தை, அந்த வித்தைக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கணக்கு. அதையே பாடமாக எழுதுகிறேன். ஜூனியர்களுக்கு லேப் நேரத்தில் உதவும்.

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன், தன் லேப்டாப்பில் ‘என்.பி.ஏ. ஜாம்’ என்ற பழைய கூடைப்பந்து விளையாட்டைப் போட்டுக் காட்டினார். 1993-இல் அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் காசு போட்டு ஆடும் பெட்டியாக இதை வெளியிட்டது. அணிக்கு 2 பேர்தான். ஒவ்வொருவரும் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு எகிறிக் குதிப்பார்கள். ஒரே ஆட்டக்காரர் அடுத்தடுத்து 3 முறை கூடையில் போட்டுவிட்டால் பந்தில் தீ பற்றிக்கொள்ளும். வர்ணனையாளர் “ஹீ இஸ் ஆன் ஃபயர்!” என்று கத்துவார். அப்புறம் அந்த ஆளைப் பிடிக்க முடியாது. வேகம் குறையவே குறையாது, எறிகிற குறியும் கூர்மையாகிவிடும். எதிரணி ஒரு கூடை போடும் வரை, அல்லது அவரே மேலும் 4 கூடை போடும் வரை இந்த மந்திரம் நிற்கும்.

வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா பந்து எரியுது, பில்லிசூனியமா?” என்றார். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பெட்டிக்கு யாருடா சொன்னது, இவன் கையில தீ வையின்னு?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை என்று நம்பிக் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. “அது அப்படித்தாம்பா” என்று மழுப்பினேன். அடுத்த மாதமே ரிசல்ட் வந்தது. சி புரோகிராமிங்கில் அரியர். அப்பா திட்டவில்லை. “நம்ம தலையெழுத்து அப்படி இருந்தா என்ன பண்றது தம்பி” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அரியருக்குப் படிக்கும்போதுதான் அந்தத் தீயைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. இனி பாடத்துக்கு வருவோம். கீழே உள்ளது, விளையாட்டின் விதியைப் பார்த்து நானாக எழுதிய வழிமுறை. மிட்வேக்காரர்கள் எழுதியதன் நகல் அல்ல. புரிவதற்காக, நம் பக்கம் ஒரே ஆள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம்.

1. தொடக்கத்தில் எண்ணி = 0, தீ = 0.
2. நம் ஆள் கூடை போட்டால் எண்ணியில் 1 கூட்டு.
3. எதிரணி கூடை போட்டால் எண்ணி, தீ இரண்டையும் 0 ஆக்கு.
4. எண்ணி 3 ஆனால் தீ = 1.
5. எண்ணி 7 ஆனால் (அதாவது 3-உம் மேலே 4-உம்) இரண்டையும் 0 ஆக்கு.

அவ்வளவுதான் மந்திரம்! சோதித்துப் பாருங்கள். கூடை விழுந்த வரிசை இப்படி என்று வையுங்கள்: நாம், நாம், எதிரணி, நாம், நாம், நாம். எண்ணியின் மதிப்பு 1, 2, 0, 1, 2, 3 என்று போகும். கடைசிக் கூடையில்தான் தீ. மொத்தம் 5 கூடை போட்டிருந்தாலும், நடுவில் எதிரணி போட்ட ஒன்று முதல் இரண்டையும் அழித்துவிட்டது.

இதை லேபில் எழுதியபோது எனக்குத் தீ பிடிக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். லேப் சார் வந்து, “ஸ்கிரீனைப் பார்க்காதடா, பேப்பர்ல எண்ணிப் பாரு” என்றார். எண்ணினேன். எண்ணி = 0 என்ற வரியை லூப்புக்கு உள்ளே வைத்திருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் பூஜ்யமாகி, 1 ஆகி, மறுபடி பூஜ்யம். நூறு கூடை போட்டாலும் 3 வராது. அந்த ஒரு வரியை லூப்புக்கு மேலே தூக்கி வைத்தேன். தீ பிடித்தது.

எண்ணுவதில் தவறு வருவது நமக்கு மட்டுமல்ல. நிஜ மைதானத்தில், தொடர்ந்து கூடை போட்டவருக்கு அடுத்ததும் விழும், கை சூடாகிவிட்டது என்று ஆடுபவர்கள் நம்புவது உண்டு. 1985-இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற மூவர் கணக்கெடுத்துப் பார்த்து, அது மனப்பிரமை என்றார்கள். 2018-இல் ஜோஷுவா மில்லர், ஆடம் சன்ஹுர்ஹோ என்ற இருவர், அந்த எண்ணும் முறையிலேயே ஒரு சறுக்கல் இருப்பதைக் காட்டினார்கள். திருத்தி எண்ணினால் பழைய கணக்கிலேயே சூடு தெரிகிறது என்றார்கள். பெரிய அறிஞர்களின் கணக்கையும் 33 வருடம் கழித்து ஒருவர் திரும்ப எண்ணலாம்.

இன்னொரு சங்கதி. இந்த விளையாட்டை வடிவமைத்த மார்க் டர்மெல், டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிரி சிகாகோ புல்ஸ். இரண்டு அணிகளும் மோதி ஆட்டம் இழுபறியாக இருந்தால், புல்ஸ் கடைசி நொடியில் எறியும் பந்து தவறிப்போகும்படி புரோகிராமில் எழுதி வைத்ததைப் பின்னாளில் அவரே பேட்டியில் ஒப்புக்கொண்டார். காசு போட்டு ஆடியவர்கள் ‘நம்ம நேரம் சரியில்லை’ என்று போயிருப்பார்கள். நேரம் அல்ல நண்பர்களே, ஒரு மனிதர் எழுதிய சில வரிகள்!

அப்பாவின் கேள்விக்கு இப்போது பதில் இருந்தது. அரியர் பாஸான அன்று சொன்னேன்: “யாரோ ஒருத்தர் எழுதி வெச்சதுப்பா. இப்ப எனக்கும் எழுதத் தெரியும்.” அப்பா யோசித்துவிட்டு, “அப்ப அழிச்சும் எழுதலாமா?” என்றார். “எழுதலாம்பா” என்றேன்.

என்னைப் போல வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்த நண்பர்கள் இங்கே பலர் உண்டு. ஒரு பேப்பர் போய்விட்டால் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பேப்பரை எடுத்து வரிவரியாக எண்ணிப் பாருங்கள். எங்கோ ஒரு வரி இடம் மாறி இருக்கும்.

பயிற்சி: அணிக்கு 2 பேர் என்று வைத்து, ஆளுக்கு ஒரு எண்ணி கொடுத்து இதே வழிமுறையை எழுதுக. ஒருவர் கூடை போட்டால், கூட ஆடுபவரின் எண்ணியை என்ன செய்வீர்கள்? விடை வந்தவர்கள் லேபில் என்னைப் பாருங்கள். வராதவர்கள் கட்டாயம் பாருங்கள்.