இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு பெறுவது எப்படி?



"இங்கிலாந்துக்குப் போன நம்ம சிஸ்டர் அங்கே ஊசி போடக்கூட அனுமதியில்லாமல் இருக்கிறாராமே, ஐயா?" என்று சென்ற மாதம் ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார். உண்மைதான். பன்னிரண்டு வருஷம் நம் தீவிர சிகிச்சை வார்டில் பணிசெய்தவர், இப்போது உதவியாளராகப் படுக்கை விரிக்கிறார், உணவு ஊட்டுகிறார். ஊட்டுவது தாழ்ந்த வேலையல்ல. ஆனாலும் காரணத்தை நாம் அறிந்திருப்பது நல்லது. விசேஷமாக, மகளை நர்சிங் படிக்கவைத்திருக்கும் பெற்றோர்.

சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்ஸஸ் மிட்வைவ்ஸ் கவுன்சிலின் பதிவு அந்நாட்டில் செல்லாது. அங்கே நர்சிங் அன்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் புதிதாகப் பதிவு பெறவேண்டும். அதற்கு ஆங்கிலத் தேர்ச்சி முதற்படி. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. தேர்வும் எழுதலாம். அநேகர் இடறுவது எழுத்தில்தான். பின்பு கம்ப்யூட்டர் தேர்வு. மருந்தின் அளவு, டிரிப் வேகம் போன்ற கணக்குகளில் 15 கேள்விகள், நர்சிங் அறிவில் 100 கேள்விகள். இதை இந்தியாவிலேயே எழுதலாம்.

கடினமானது அங்கே போனபின் வரும் ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு. 2021 முதல் அதில் பத்து நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுதல், திட்டமிடுதல், பணிவிடை செய்தல், பலனைப் பரிசீலித்தல் என்று நான்கு. செய்முறைத் திறன்கள் நான்கு. எழுத்தில் பதில் தருபவை இரண்டு. நோயாளியாக நடிப்பவரோ பொம்மையோ முன்னிருக்க, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். நம் சிஸ்டர் தவறியது இங்கேதான். மருந்து கொடுக்குமுன் பெயரைச் சரிபார்த்தார். அலர்ஜி உண்டா என்று கேட்க மறந்தார். அந்த நிலையம் போயிற்று.

"நம்ம வார்டில் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கும், ஐயா. பார்த்துக்கொண்டே கொடுப்போம். வாயால் கேட்டுப் பழக்கமில்லை" என்றார் தொலைபேசியில். எனக்கும் முதலில் கோபம் வந்தது. எத்தனை உயிரைக் காத்த கை அது! ஆனால் யோசித்தால், சோதிப்பவருக்கு அவருடைய பன்னிரண்டு வருஷம் தெரியாது. கேட்ட கேள்விதான் தெரியும். கேட்காமல் கொடுத்த ஒரு ஊசியால் நோயாளி துடித்ததை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முறைதான் வாய்ப்பு. வேலை விசாவில் போகிறவர் பணியேற்ற 12 வாரத்துக்குள் முதல் முறை தேர்வுக்கு உட்காரவேண்டும், எட்டு மாதத்துக்குள் பதிவு பெறவேண்டும். தவறினால் வேலையோடு விசாவுக்கும் ஆபத்து. வீட்டை அடகுவைத்து அனுப்பிய குடும்பங்களுக்கு இதன் பாரம் தெரியும். பிரிட்டிஷ் அரசின் நெறிமுறைப்படி நடக்கும் ஏஜென்ட் வேலை வாங்கித்தர நர்ஸிடம் கட்டணம் கேட்கக்கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் கையெழுத்திடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்கவேண்டாம்.

நம் சிஸ்டர் அடுத்த மாதம் மீண்டும் போகிறார். தவறிய நிலையத்தை மட்டும் செய்தால் போதும். இங்கே நர்சிங் பள்ளியிலும் டியூட்டர் வழக்கத்தை மாற்றிவிட்டார். செய்முறை அறையைக் கடந்துபோனால், முதல் வருஷப் பிள்ளைகள் பொம்மையிடம் உரக்கக் கேட்கிறார்கள்: "உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?"