வேகம் எங்கே மாட்டிக்கொண்டது?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)

பழைய மில்லிங் மெஷினுக்கு சி.என்.சி. பொருத்துவது எங்கள் பிராஜக்ட். அதில் நான் செய்த தப்பை, ஜூனியர் தம்பி தங்கைகள் செய்யக்கூடாது என்றே இங்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் பங்குப் பணம் அப்பா வட்டிக்கு வாங்கித் தந்தது.

சர்வோ மோட்டார் 3000 ஆர்.பி.எம். பால் ஸ்குரூவின் லீட் 5 மி.மீ. நேராக இணைத்தால் 3000 × 5, அதாவது மேஜை நிமிடத்துக்கு 15 மீட்டர் ஓட வேண்டும். ஓட்டிப் பார்த்தால் 3 மீட்டரைத் தாண்டவில்லை! "மோட்டாருக்கு இழுவை போதல, 2:1 பெல்ட் புல்லி போடலாம்" என்று அடித்துச் சொன்னவன் நான்தான். வாங்கிப் போட்டோம். வேகம் 1.5 மீட்டராகக் குறைந்தது! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

லேப் சார் திட்டவில்லை. "கன்ட்ரோலர் நொடிக்கு எத்தனை பல்ஸ் தரும்? அதைப் பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டார். கணக்கு இதுதான்:

என்கோடரில் 2500 கோடு. டிரைவ் அதை 4 மடங்காக எண்ணும், சுற்றுக்கு 10,000. 3000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 சுற்று. ஆகவே தேவை 5 லட்சம் பல்ஸ். எங்கள் கன்ட்ரோலர் தருவதோ 1 லட்சம். அது 10 சுற்றுக்குத்தான் வரும். அதாவது 600 ஆர்.பி.எம்.! மோட்டார் மேல் குற்றமே இல்லை.

மருந்து டிரைவுக்குள்ளேயே இருந்தது. எலக்ட்ரானிக் கியரை 5/1 என்று வைத்தோம். ஒரு பல்ஸ் வந்தால் மோட்டார் 5 எண்ணிக்கை நகரும். சுற்றுக்கு 2000 பல்ஸ் போதும். முழு 3000 ஆர்.பி.எம். கிடைத்தது. ஆனால் ஒன்று கிடைத்தால் ஒன்று போகும். நேர் இணைப்பில் பல்ஸுக்கு 0.0005 மி.மீ. நகர்ந்தது 0.0025 ஆகிவிடும்.

புல்லி வீணா? இல்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டோம். வேகம் 7.5 மீட்டர், பல்ஸுக்கு 0.00125 மி.மீ. முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்கு. மேஜை, ஸ்குரூ ஆகியவற்றின் நிலைமம் மோட்டாருக்கு நாலில் ஒரு பங்காகத்தான் தெரியும். எங்கள் மெஷினுக்கு இது தாராளம்.

ஆக, முதலில் தேவையான வேகமும் சுமையும்; அடுத்து கியர்; பிறகு பல்ஸ் கணக்கு; கடைசியில் நுட்பம். நாலும் ஒத்துவந்த பிறகே கடைக்குப் போங்கள்.

அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "இப்ப ஓடுதில்லப்பா, அது போதும்" என்றார். அந்தக் கடனை நான் அடைப்பேன்.