உப்புத் தண்ணித் தொட்டி

உடுமலைப்பேட்டை

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் தொட்டித் தண்ணீரில் வளர்கிற உன் ஜல்லிப் பாத்திகளில் பாலக் ஓரளவு தேறியிருக்கிறது. தக்காளிதான் மோசம். கொழுந்து மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அடியிலையோ நன்றாகவே இருக்கிறது. மீன் கழிவு போதாமல்தான் செடி வெளுக்கிறது என்று நினைத்து, இன்னும் நாற்பது குஞ்சு வாங்கி விடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் சாமி. தழைச்சத்து குறைந்திருந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலை. பழைய இலையில் இருப்பதை எடுத்துச் செடி கொழுந்துக்குக் கொடுத்துவிடும். இரும்புச்சத்தை அப்படி இடம் மாற்ற அதனால் முடியாது, அதனால் அந்தக் குறை கொழுந்தில்தான் தெரியும். நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலை வெளுத்தால் அன்னபேதி கரைத்துத் தெளிப்பார்களே, அதே நோவுதான் உன் பொடக்காலித் தொட்டிக்கும் வந்திருக்கிறது.

காரணம் உங்கள் போர்த் தண்ணி. பிஹெச் 8.2 என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காரத்தில் இரும்பு கரைந்து நிற்காது, துருவாகிப் படிந்துவிடும். வேர் பக்கத்திலேயே இருந்தும் எடுக்க முடியாது. அதே காரம் மீனுக்கும் எதிரி. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாது, மற்றது செவுளைத் தாக்கும். தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும்போது, பிஹெச் 7 என்றால் விஷ வடிவம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. சோதனைக் கிட்டில் அம்மோனியா ஒரே நிறம் காட்டினாலும், பிஹெச் 7 தொட்டியைவிட உன் தொட்டி மீனுக்கு அது பத்து மடங்குக்கும் மேல் கொடியது. செடி வெளுப்பதும் மீன் சோர்வதும் உனக்கு இரண்டு தொல்லையாகத் தெரிகிறது. இரண்டுக்கும் வேர் அந்தத் தண்ணீர்தான்.

நீ பார்க்கும் வீடியோக்களில் எல்லாரும் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்களே என்று கேட்டாய். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கரீபியக் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு தீவு. அங்கே விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராகோசி என்ற ஆய்வாளர் 1980களிலிருந்து பல்லாண்டுகள் ஜிலேபி மீனையும் கீரையையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்து, இந்த முறைக்கு ஒரு கணக்கு உண்டாக்கினார். நல்ல தண்ணிக்குத் தவிக்கும் தீவு அது. அவர்கள் பிடித்து வைத்த மழைநீரில்தான் தொட்டி ஓடியது. மழைநீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, அதனால் பிஹெச் சரசரவென்று இறங்கும்; ஏற்றுவதற்குக் கால்சியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். அங்கே அது மருந்து. உங்கள் போத்தனூர் போர்த் தண்ணியில் அது கேடு. தீவனத்தைப் பாத்தியின் அளவுக்குப் பொருத்தும் ராகோசியின் வழியை எடுத்துக்கொள், சுண்ணாம்பை விட்டுவிடு.

பிஹெச்சை இறக்க நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியாவே இறக்கும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதைச் செடி உண்ணும் நைட்ரேட்டாக்கும். இந்த வேலையில் ஒரு கிராம் தழைச்சத்து மாறும்போது ஏழு கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரம் செலவாகிவிடும். பொறுத்திருந்தால் சில வாரங்களில் பிஹெச் தானாக 7-ஐ நோக்கி வரும். வராமல் தடுப்பது எது என்று பார்த்தாயா? தினமும் குறைகிற தண்ணீருக்கு நீ மறுபடியும் போர்த் தண்ணியையே விடுகிறாய். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், காரம் தரும் உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும். அதன் மேல் இன்னும் உப்பு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து இந்த ஆடிக் காற்று வீசுகிறபோது உங்கள் ஊரில் தொட்டி எவ்வளவு வேகமாகக் குறையும் என்று உனக்கே தெரியும்.

அதனால் முதல் வேலை, மேல் நிரப்புக்கு நல்ல தண்ணி. குழாயில் வருகிற ஆழியாற்றுத் தண்ணியோ சிறுவாணியோ எதுவானாலும் சரி; டிரம்மில் பிடித்து, காற்றுக் குழாயைப் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அதைவிட மேல் மழைத் தண்ணி. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 2,500 லிட்டர். மாடியைக் கழுவி வரும் முதல் தண்ணியை வெளியே விட்டாலும் இரண்டாயிரம் நிற்கும். உன்னுடையது மாதிரி ஆயிரம் லிட்டர்த் தொட்டிக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு நிரப்பினால் போதும், அதாவது பத்திலிருந்து முப்பது லிட்டர். ஐப்பசியில் ஒரே ஒரு நல்ல மழையைப் பிடித்து வைத்தால் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஓடும். கோயமுத்தூருக்குப் பெருமழை அந்தப் பருவத்தில்தான், ஆகவே புரட்டாசிக்குள் உங்கப்பாவிடம் சொல்லி மாடிக் குழாயைத் திருப்பி ஒரு சின்டெக்ஸ் டேங்க்கில் விடு. இந்தக் கடிதத்தில் சொல்கிற செலவுகளில் முக்கியமானது இதுதான்.

எலுமிச்சம்பழம் பிழிந்து பிஹெச்சைக் குறைக்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம் ஜல்லியிலுள்ள பாக்டீரியாவையே கெடுக்கும். போர்த் தண்ணியைத் தவிர வேறு வழியில்லாத நாளில், தனி டிரம்மில் பாஸ்பாரிக் அமிலம் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு நாள் விட்டு அளந்து பார்த்து, பிறகு தொட்டிக்கு விடு. மீன் இருக்கிற தண்ணீரில் நேராக எந்த அமிலமும் விழக் கூடாது. ஜல்லி என்ன கல் என்றும் நீ எழுதவில்லை. மதுக்கரை சிமெண்ட் ஆலையே சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்தது. உங்கள் சுற்று வட்டாரத்தில் ஜல்லியோடு அதுவும் கலந்து வர இடமுண்டு. ஒரு கைப்பிடி கழுவிக் காயவைத்து வினிகர் ஊற்று. நுரைத்தால் அந்தப் பாத்தியைக் கொட்டிவிட்டுக் கருங்கல் ஜல்லி போடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை மழைத் தண்ணி விட்டாலும் காரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதுவரை தக்காளிக்கு இரும்பு வேண்டும். உரக்கடையில் செலேட் இரும்பு என்று கேள். ஈடிடிஹெச்ஏ வகைதான் உன் தண்ணிக்கு நிற்கும். ஈடிடிஏ மலிவு, ஆனால் இந்தக் காரத்தில் பிரிந்துவிடும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டு கிராம் இரும்பு, அதாவது ஆறு சதவீதப் பொடியானால் 33 கிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. தண்ணீர் செந்நிறமாகும், பயப்படாதே. ஏற்கெனவே வெளுத்த இலை முழுதாகப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம்; புதிதாக வருவதைப் பார்த்துத் தெரிந்துகொள். காய் பிடிக்கும் காலத்தில் அடியிலை ஓரம் கருகினால் அது சாம்பல் சத்துக் குறை. மீன் தீவனத்தில் பொட்டாசியம் எப்போதும் குறைவு. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கொஞ்சம் கரைத்து விடலாம்.

இனி மீன் கணக்குக்கு வருகிறேன், இதை நிதானமாகப் படி. தொட்டிக்குள் போகிற சத்தெல்லாம் தீவனம் வழியாகத்தான் போகிறது. கீரைக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய்க்கிற செடிக்கு 50 முதல் 80 என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014ல் வெளியிட்ட சிறு பண்ணைக் கையேடு சொல்கிறது. உன் இரண்டு பாத்தியும் சேர்ந்தால் 2.4 சதுர மீட்டர். ஆக 100 முதல் 150 கிராம் போதும். மீன் நாற்பது, ஒன்று 150 கிராம் என்றால் மொத்தம் ஆறு கிலோ. எடையில் இரண்டு சதவீதம் தின்றால் 120 கிராம். இன்றைக்கு உன் தொட்டி சரியாகத்தான் இருக்கிறது அம்மிணி! அந்த நாற்பதே 400 கிராமாக வளர்ந்தால் பதினாறு கிலோ. ஒன்றரை சதவீதம் தின்றாலும் 240 கிராம். பாத்தி அதே பாத்தி. குஞ்சு வாங்காமலே சுமை இரட்டிப்பாகிவிடும். 32 சதவீதப் புரதத் தீவனம் நூறு கிராம் போட்டால் ஏறக்குறைய மூன்று கிராம் அம்மோனியா தழைச்சத்து வெளியே வரும். ஆயிரம் லிட்டரில் அது லிட்டருக்கு மூன்று மில்லிகிராம், ஒரே நாளில். பாக்டீரியா தாங்குகிற வரைக்கும்தான் நீ பிழைத்தாய்.

ஆகையால் 250 கிராமைத் தாண்டியதும் பெரியதாகப் பார்த்து வாரம் இரண்டு மூன்று பிடித்துச் சமைத்துவிடு. உங்கம்மா மனசு கேட்காது என்பாள், நீ சொல்லிப் புரியவை. பிடிக்காமல் விட்டால்தான் எல்லாம் சேர்ந்து திணறும். பத்து நிமிடத்தில் தின்று முடிக்காத தீவனத்தை வலையால் எடுத்துவிட்டு அன்றைய அளவைக் குறை. அம்மோனியா ஏறினால் முதல் மருந்து பட்டினி. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மார்கழியில் தண்ணீர் குளிர்ந்து பசி குறையும்போதும் அப்படித்தான், கை தானாகக் குறைய வேண்டும்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறப்பதாகச் சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். மீனுக்கும் செடி வேருக்கும் பாக்டீரியாவுக்கும் அதே ஆக்சிஜன்தான். இன்றைக்கே இன்னொரு காற்றுக் கல் போடு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்துவார்களே, முதல் நாள் பேப்பரில் போத்தனூர் பேர் வந்திருந்தால் அன்று காலை தீவனமே போடாதே, தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். கோயமுத்தூரில் பம்பு பழுது பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பம்பு நின்ற பொழுதில் பழுது பார்ப்பவரைத் தேடினால் மீன் காத்திராது.

பஞ்சகவ்யம் ஊற்றலாமா என்று கேட்டாய். கொடுமுடி டாக்டர் நடராஜன் அதை ஊரெங்கும் பரப்பினார்; நம் தோட்டங்கள் பயன் கண்டன. அது மண்ணுக்கு. தொட்டியில் ஊற்றினால் அழுகலும் அம்மோனியாவும் சேரும். வேப்பெண்ணெய்யும் மீன் இருக்கும் பாத்தியில் வேண்டாம். அசுவினியை விரலால் நசுக்கு, தண்ணீரைப் பீய்ச்சு. பாத்தியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கசடு அடைத்திருக்கிறது. ஒரு பாத்தியை மட்டும் கிளறிக் கழுவு, இரண்டையும் ஒரே நாளில் கழுவினால் பாக்டீரியா எல்லாம் போய்விடும். அந்தக் கசடு தென்னைக்கு அருமையான உரம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். பிடிக்க மனமில்லை என்று ஒரு மீனைக்கூடக் குறிச்சிக் குளத்திலோ நொய்யல் வாய்க்காலிலோ விடாதே. நான் இருக்கிற பக்கத்தில் அமராவதி அணை இருக்கிறது. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் ஜிலேபி அங்கே போய்ச் சேர்ந்தது. பிறகு அணையில் வலை போட்டால் பெரும்பங்கு அதுதான் என்றாயிற்று. மீனவருக்கு வருமானம் வந்தது உண்மை. ஆனால் ஒரு முறை நீர்நிலையில் இறங்கிய மீனைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. இப்போது பலர் வளர்க்கும் கிஃப்ட் ஜிலேபி, 1988ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய இனமேம்பாட்டு வேலையில் வந்தது. அதை வளர்க்க அரசு விதி வைத்திருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துகொண்டு, குஞ்சும் சான்று பெற்ற இடத்திலேயே வாங்கு. ஆப்பிரிக்கக் கெளுத்தி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதே, அது தடை செய்த மீன்.

ஒரு நோட்டுப் போடு. தேதி, பிஹெச், அம்மோனியா, நைட்ரைட், போட்ட தீவனம், விட்ட தண்ணீர் எது எவ்வளவு. வினிகர் என்ன சொன்னது என்பதை முதலில் எழுது, அதைப் பார்த்துவிட்டுத்தான் பாத்தியை மாற்றுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும். உங்கம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்