எரிபொருள் ஆவிக் கட்டுப்பாட்டுத் தொகுதியில் பழுது இனங்காணல்



வாகன மாசு என்றதும் புகைக்குழாயையே பலரும் நினைப்பர். ஆனால் பெற்றோல் வாகனம் ஓடாமல் வெயிலில் நிற்கும்போதும் தாங்கியிலுள்ள பெற்றோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஐதரோகாபன்களாலான இவ்வாவி வெளியேறினால் வளி மாசடையும், எரிபொருள் வீணாகும், தீ ஆபத்தும் ஏற்படும். இதனைத் தடுக்கும் தொகுதி கலிபோர்னியாவில் 1970 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களுக்கும், ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் 1971 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

இலங்கையில் 2008 இல் ஆரம்பிக்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனத்தின் புகைக்குழாய் வாயுவே அளக்கப்படுகின்றது. எனவே அதில் சித்தியடைந்த வாகனத்திலும் தாங்கிப் பக்கத்தில் ஆவிக் கசிவு இருக்கலாம் என்பதை மனதிற் கொள்க.

1. பிரதான பகுதிகள்

• எரிபொருள் தாங்கியும் அதன் மூடியும்: மூடியின் றப்பர் வளையம் காற்றிறுக்கமாக இருத்தல் வேண்டும்.
• கனிஸ்ரர்: உயிர்ப்பூட்டிய காபன் நிரப்பிய பெட்டி. ஆவியைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்திருக்கும். இதற்குப் புறத்துறிஞ்சல் என்று பெயர். (நம் நாட்டில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் உயிர்ப்பூட்டிய காபன் தயாரிக்கப்படுகின்றது.)
• பேர்ஜ் வால்வு: கனிஸ்ரருக்கும் பொறியின் உள்ளெடுப்புக் குழாய்க்கும் இடையில் உள்ளது.
• வென்ற் வால்வு: கனிஸ்ரருக்கும் வெளிவளிக்கும் இடையில் உள்ளது.
• தாங்கி அமுக்க உணரி, இணைப்புக் குழாய்கள்.

குறிப்பு: பழைய வாகனங்கள் பலவற்றில் வென்ற் வால்வும் அமுக்க உணரியும் இல்லை. அவற்றில் கசிவுக்கான எச்சரிக்கை விளக்கு எரியாது. கண்ணும் மூக்குமே அங்கு கருவிகள்.

2. தொழிற்படும் விதம்

பொறி நிற்கும்போது தாங்கியின் ஆவி கனிஸ்ரரை அடைந்து காபனில் தங்கும். பொறி இயங்கிச் சூடேறியபின் கட்டுப்பாட்டு அலகு பேர்ஜ் வால்வைத் திறக்கும். உள்ளெடுப்புக் குழாயின் தாழ் அமுக்கத்தினால் வெளிவளி கனிஸ்ரரினூடாக இழுக்கப்பட்டு, ஆவியையும் சுமந்துகொண்டு பொறிக்குட் சென்று எரியும். காபன் மீண்டும் வெறுமையாகும்.

இங்கு மறக்கக்கூடாத ஒன்று உண்டு. மின் வழங்காத நிலையில்,

பேர்ஜ் வால்வு – மூடியிருக்கும்.
வென்ற் வால்வு – திறந்திருக்கும்.

ஒன்று பூட்டிய கதவு, மற்றையது திறந்த கதவு. எந்தக் கதவு தன் இயல்புக்கு மாறாக நிற்கின்றது என்று கேட்டாலே பழுதின் பாதி தெரிந்துவிடும்.

3. சுயபரிசோதனையும் பழுதுக் குறியீடுகளும்

பல வாகனங்களில் கட்டுப்பாட்டு அலகு வென்ற் வால்வை மூடி, பேர்ஜ் வால்வைத் திறந்து, தாங்கியில் தாழ் அமுக்கத்தை உண்டாக்கும். பின் பேர்ஜ் வால்வையும் மூடி, அவ்வமுக்கம் நிலைத்து நிற்கின்றதா என உணரி மூலம் பார்க்கும்.

பி 0441 – பேர்ஜ் ஓட்டம் தவறானது
பி 0442 – சிறிய கசிவு (ஏறத்தாழ 1 மி.மீ. துளைக்குச் சமன்)
பி 0455 – பெரிய கசிவு
பி 0456 – மிகச் சிறிய கசிவு (ஏறத்தாழ 0.5 மி.மீ.)

குறியீடு சொல்வது கண்ட விளைவையே. பழுதான பாகத்தை அது சொல்வதில்லை. பி 0455 ஐ எடுத்துக்கொள்க. தாங்கியில் தாழ் அமுக்கம் உண்டாகவில்லை என்பதே அதன் பொருள். அதற்கு மூடி இறுக்கப்படாமை, குழாய் கழன்றமை, வென்ற் வால்வு மூடாமை, பேர்ஜ் வால்வு திறவாமை ஆகிய நான்கில் எதுவும் காரணமாகலாம். நான்காவதில் கசிவே இல்லை! குறியீட்டைப் பார்த்தவுடன் விலை கூடிய கனிஸ்ரரை மாற்றினால் வாகனச் சொந்தக்காரரின் பணம் வீணாகும், விளக்கும் மீண்டும் எரியும்.

4. பழுது இனங்காணும் படிமுறை

(எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்க.)

படி 1: ஸ்கேனரால் குறியீட்டை வாசித்துக் குறித்துக்கொள்க. உடனே அழித்துவிட வேண்டாம்.

படி 2: மூடியைக் கழற்றி றப்பர் வளையத்தில் வெடிப்பு உண்டா, நிரப்பு வாயின் விளிம்பில் துரு உண்டா எனப் பார்க்க.

படி 3: குழாய்களை முழு நீளத்துக்கும் அவதானிக்க. வளைவுகளிலும் இணைப்புகளிலும் றப்பர் வெடித்திருக்கலாம். எலி கடித்திருக்கவும் கூடும்.

படி 4: பேர்ஜ் வால்வு. குளிர்ந்த பொறியை வெற்றோட்டத்தில் இயக்கி, வால்வின் கனிஸ்ரர் பக்கக் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைக்க. உறிஞ்சல் இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியுள்ளது. பின் பொறியை நிறுத்தி, வால்வின் மின்தடையை மல்ரிமீற்றரால் அளந்து தயாரிப்பாளர் தந்த பெறுமானத்துடன் ஒப்பிடுக.

படி 5: வென்ற் வால்வு. மின் இல்லாதபோது வளி தடையின்றிச் செல்லவும், மின் வழங்கியதும் தடைப்படவும் வேண்டும். கனிஸ்ரருக்கு அருகில், வாகனத்தின் அடியில் அமைந்திருந்தால் மண்ணும் நீரும் புகுந்து அடைபடலாம்.

படி 6: மேற்கூறியவற்றில் பழுது தெரியாவிடின் புகைச் சோதனை செய்க. வென்ற் வால்வை மூடி, அதற்கான கருவியால் சுமார் 3 கிலோபஸ்கால் அமுக்கத்தில் புகை செலுத்தினால் கசியும் இடத்தில் புகை தெரியும்.

படி 7: திருத்தியபின் குறியீட்டை அழித்து வாகனத்தைச் செலுத்திப் பார்க்க. பல வாகனங்களில் குளிர்ந்த பொறியை இயக்கிய பின்னரே, தாங்கியில் ஏறத்தாழ 15 – 85 வீதம் எரிபொருள் இருக்கும்போதே சுயபரிசோதனை நடைபெறும். எனவே விளக்கு உடனே எரியாதது பழுது தீர்ந்ததற்குச் சான்றாகாது.

5. பாதுகாப்பு (உயிரோடு சம்பந்தப்பட்டது)

பெற்றோல் சுமார் –40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். அவ்வாவி வளியிலும் பாரமானது. ஆகவே வேலைக்குழியில் தேங்கி நிற்கும். குழியில் இறங்குமுன் காற்றோட்டத்தை உறுதிசெய்க. தீ, சிகரெட், பொறி பறக்கும் கருவிகள் அருகில் இருத்தலாகாது. கராஜிலுள்ள வளியமுக்கியின் காற்றைத் தாங்கிக்குள் ஒருபோதும் செலுத்த வேண்டாம். அதன் அமுக்கம் தாங்கியைப் பிளக்கக்கூடியது. உள்ளிருக்கும் ஆவியுடன் அவ்வளி கலந்து வெடிக்கவும் கூடும்.

6. மாதிரி வினா – விடை

வினா: பெற்றோல் நிரப்பியதும் ஒரு காரை இயக்குவது கடினமாகவுள்ளது. இயங்கிய பின்னும் வெற்றோட்டம் நடுங்குகின்றது. ஏனைய நேரங்களில் குறை பெரிதாக இல்லை.
(அ) பழுதுபட்டிருக்கக்கூடிய பாகம் எது?
(ஆ) காரணம் தருக.

விடை:
(அ) பேர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருத்தல்.
(ஆ) எரிபொருள் நிரப்பும்போது தாங்கியிலுள்ள ஆவி தள்ளப்பட்டு கனிஸ்ரரை நிறைக்கும். மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்திருப்பதால், இயக்கும்போதே அவ்வாவி உள்ளெடுப்புக் குழாயை அடைந்து கலவையில் எரிபொருளை மிகையாக்கும்.

கவனிக்குக: (ஆ) இற்கு “வால்வு பழுது” என்று மட்டும் எழுதுவது காரணமாகாது. இயல்பு நிலை, மாறிய நிலை, விளைவு ஆகிய மூன்றையும் எழுதுக.

7. பயிற்சி வினாக்கள்

1. எரிபொருள் நிரப்பும்போது பம்பியின் முனை அடிக்கடி தானாக நின்றுவிடுகின்றது. வென்ற் வால்வின் இயல்பு நிலையைக் கொண்டு காரணத்தை விளக்குக.
2. முனை நின்றபின்னும் தாங்கி விளிம்புவரை நிரப்புவது கனிஸ்ரரைப் பழுதாக்கும். ஏன்? (உதவி: காபன் பிடிக்க வேண்டியது ஆவியையா, திரவத்தையா?)
3. பி 0455 குறியீடு காட்டும் வாகனமொன்றில் நீர் முதலில் சோதிக்கும் மூன்று இடங்களை ஒழுங்கில் எழுதி, அவ்வொழுங்கைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் தருக.